பன்னிரண்டு ஆட்டமும் நாற்பத்தாறு ஆட்டமும்

ஓவன் கோய்ல் என்ற பெயரை எடுத்தாலே சென்னையின் எஃப்சி ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். அதைவிட வியப்பு, ஒரே ரசிகர் ஒரே பேச்சில் இரண்டு பக்கமும் நிற்பது. ஐஎஸ்எல் அட்டவணையின் அடியில் கிடந்த அணியைத் தூக்கி 2020-ல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர் அவர். அந்தப் போட்டி முடிந்த ஐந்தாம் மாதம் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனவரும் அவர்தான். 2023-ல் திரும்பி வந்தார், இரண்டு சீசன் இருந்தார், 2025-ல் மறுபடியும் போனார். அவருடைய கடைசி லீக் சீசனில் 13 அணிகளில் 11-ஆம் இடம். இனி அவரைப் பற்றி என்ன சொல்வது என்பதில்தான் தகராறு.

எங்கள் அய்யலூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் அந்தத் தகராறு இப்படிப் போகும்.

“அடியில கெடந்த டீம ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போன மனுசன் மாமா அவரு.”

“அது சரி மாப்ள. விட்டுட்டுப் போனவர மறுபடி எதுக்குக் கூட்டியாந்தாய்ங்க?”

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மையின் அளவு எவ்வளவு என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பாசத்தில் ஒருவர் பேசுகிறார், கோபத்தில் ஒருவர் பேசுகிறார். ஆறு வருஷக் கதையை ஒரு தடவையாவது கணக்கோடு பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிருந்து சென்னை நேரு விளையாட்டரங்கம் சுமார் 400 கிலோமீட்டர். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிவதற்கும் எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்புவதற்கும் இடையே மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும். அதைப் பிடித்தாலும் திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் ஏறி, வந்த வழியே வடக்கே திரும்ப வேண்டும். ஆகவே எங்கள் ஆட்டமெல்லாம் டிவியிலும் போனிலும்தான். இது கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பேர்போன பூமி. கிரிக்கெட்டுக்கோ மாவட்டத்தின் பெயரிலேயே திண்டுக்கல் டிராகன்ஸ் இருக்கிறது. 2024-ல் அஷ்வின் தலைமையில் டிஎன்பிஎல் கோப்பையும் எடுத்தது. கால்பந்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அப்படிப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சென்னை அணிதான் நம்ம அணி.

தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு அணியில் நிலையாகத் தெரியும் முகம் எது? வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள். நன்றாக ஆடும் இந்தியப் பையன்களைப் பெரிய பண அணிகள் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும் கோச். மாத்தராசி, கிரிகரி, கோய்ல் என்று காலத்தையே கோச் பெயரால்தான் பிரித்துச் சொல்கிறோம். அதனால் அவர் போகும்போது வரும் வலி ஒரு ஊழியர் வேலை மாறுவதால் வரும் வலி அல்ல. இந்த வலியைக் கேலி செய்பவர்கள் கால்பந்து ரசிகனைப் புரிந்துகொள்ளாதவர்கள். ஆனால் வலியைத் தீர்ப்பாக மாற்றிவிடவும் கூடாது.

முதல் வருகையை எடுத்துக்கொள்வோம். 2019-20 சீசன் தொடங்கியபோது கோச் ஜான் கிரிகரி. இரண்டு வருஷம் முன்பு கோப்பை வாங்கித் தந்த அதே கிரிகரி. முதல் நான்கு ஆட்டத்தில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டம் முடிந்தபோது ஒரு வெற்றி, இரண்டு சமன், மூன்று தோல்வி. 5 புள்ளி, 4 கோல். நவம்பர் 30 அன்று கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்காட்லாந்துக்காரரான கோய்ல் வந்தார். அடுத்த 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 3 சமன், 2 தோல்வி. 24 புள்ளி. 28 கோல். கடைசி எட்டு ஆட்டத்தில் தோல்வியே கிடையாது. ஆட்டத்துக்கு 2 புள்ளி என்பது சென்னையின் எஃப்சி வரலாற்றில் கோப்பை வாங்கிய 2017-18-ல்கூட வராத சராசரி. அந்த வருஷம் 18 ஆட்டத்தில் 32 புள்ளிதான்.

அவர் என்ன செய்தார்? புது ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பவில்லை. இருந்தவர்களின் இடத்தை மாற்றினார். பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோவை நெரியஸ் வால்ஸ்கிஸுக்குப் பின்னால் நிறுத்தி, பந்து உன்னிடம்தான் வரும், நீ பார்த்து ஆடு என்று விட்டார். இடப்பக்கம் சாங்தே ஓடுவதற்கு வெட்டவெளி கிடைத்தது. நடுவில் அனிருத் தாப்பாவும் நம் தமிழ்நாட்டு எட்வின் வான்ஸ்பாலும் அலுக்காமல் ஓடினார்கள். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார்.

2020 பிப்ரவரி 1, கொச்சி. அந்த ஒரு ஆட்டத்தில் கோய்லின் முழு ஜாதகமும் இருக்கிறது. சென்னை 6, கேரளா 3. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்தே இரண்டு. கேரளாவின் கோல்காப்பாளர் பந்தைக் காலில் வைத்துத் தடுமாறும்போதே நம் ஆட்கள் மேலே விழுந்து அழுத்தினார்கள். பறித்த பந்து நாலே தொடுகையில் வலைக்குள் போனது. பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. ஆனால் அதே ஆட்டத்தில் கேரளாவின் ஒக்பெச்சே ஹாட்ரிக் அடித்தார் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். ஆறு அடித்ததால் மூன்று வாங்கியது கண்ணில் படவில்லை. அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்தோம். அங்கே போய் 4-2 என்று வாங்கினோம். மொத்தத்தில் 6-5 என்று தப்பி இறுதிக்குப் போனோம். மார்ச் 14-ஆம் தேதி, கொரோனாவால் ஒரு பார்வையாளர்கூட இல்லாத ஃபடோர்டா மைதானத்தில் ஏடிகே 3-1 என்று நம்மைத் தோற்கடித்தது. முன்னால் எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பின்னால் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் அப்போதே இருந்தது. வால்ஸ்கிஸ் அடித்துக்கொண்டிருந்தவரை அது குறையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கிரிகரிக்கும் இதில் நியாயம் செய்ய வேண்டும். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஆந்த்ரே ஷெம்ப்ரி, லூசியன் கோயன் ஆகிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் கிரிகரி காலத்தில் எடுக்கப்பட்டவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு அவரால் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட எடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சரக்கு கடைக்கு வந்தது அவரால்தான். கோய்ல் ஒன்றுமில்லாததிலிருந்து அணி கட்டினார் என்று சிலர் சொல்வது மிகை. கையில் கிடைத்த நல்ல ஆட்டக்காரர்களை மூன்றே மாதத்தில் சரியாக ஆடவைத்தார். அதுவே அரிய திறமைதான். கூடுதலாக ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

இனி அந்தப் பெரிய குற்றச்சாட்டு: விட்டுவிட்டுப் போனார்.

இதே குற்றச்சாட்டை அவர்மீது சென்னைக்குப் பத்து வருஷம் முன்பே சுமத்தியவர்கள் இங்கிலாந்தின் பர்ன்லி ஊர் ரசிகர்கள். 2009 மே மாதம் வெம்ப்ளி மைதானத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்று, 33 வருஷத்துக்குப் பிறகு பர்ன்லியை முதல் பிரிவுக்குக் கொண்டுபோனவர் கோய்ல். அந்த ஆகஸ்டில் தன் சொந்த மைதானத்தில் பர்ன்லி மான்செஸ்டர் யுனைடெட்டையே 1-0 என்று தோற்கடித்தது. சின்ன மில் ஊர் அது. அந்த ஜனங்கள் அவரைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார்கள். 2010 ஜனவரியில், சீசன் பாதியில், அதே வட்டாரத்திலேயே இருக்கும் போல்ட்டன் அணிக்கு அவர் போனார். பர்ன்லி அந்த வருஷமே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. யூதாஸ் என்று அவரைக் கூப்பிட்டார்கள். கோய்ல் ஒரு காலத்தில் போல்ட்டனுக்கு ஆடியவர், பாசத்தில் போயிருக்கலாம். ஆனாலும் நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய குற்றம் குற்றம்தான். போல்ட்டனும் 2012-ல் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழே இறங்கியது, அந்த அக்டோபரில் அவர் வேலையும் போனது.

பர்ன்லியின் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. அந்தக் கோபத்தை அப்படியே கடன் வாங்கிச் சென்னைக்குப் பொருத்துவதில் உடன்பாடு இல்லை. கோய்ல் இங்கே சீசன் நடுவில் போகவில்லை. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷம் வரை நின்றார். தோற்றார். உலகம் முழுக்க ஊரடங்கு, அடுத்த சீசன் எங்கே எப்போது என்றே தெரியாத காலம். அதில் ஒரு கோச்சை வைத்துக்கொள்ள விரும்பும் கிளப் என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அவர் ஜாம்ஷெட்பூர் போனதும் வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். ஒரு கோச்சும் அவருடைய முதல் கோலடிப்பாளரும் ஒரே கோடையில் ஒரே இடத்துக்குப் போகிறார்கள் என்றால், விட்டவர்கள் பக்கம்தான் முதல் கேள்வி போக வேண்டும். துரோகம் என்ற சொல்லை இந்த இடத்தில் நான் ஏற்க மாட்டேன். வலி உண்டு, துரோகம் இல்லை.

அவர் போன பிறகு நடந்ததைப் பார்த்தால் வலி ஏன் இவ்வளவு பெரிதானது என்பது விளங்கும். சாபா லாஸ்லோ வந்தார், எட்டாம் இடம், 20 புள்ளி. போசிதர் பாந்தோவிச் வந்தார், எட்டாம் இடம், மறுபடி அதே 20 புள்ளி. சீசன் முடியுமுன்பே அவர் போக, நம் சென்னைக்காரர் சையது சபீர் பாஷா மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டார். தாமஸ் பிரதாரிச் வந்தார், அப்போதும் எட்டாம் இடம். இதே காலத்தில் கோய்ல் ஜாம்ஷெட்பூரில் முதல் வருஷம் 27 புள்ளியோடு ஆறாம் இடம், இரண்டாம் வருஷம் 20 ஆட்டத்தில் 43 புள்ளியோடு லீக்கில் முதலிடம், ஷீல்டு. நம் வீட்டை விட்டுப் போனவர் பக்கத்துத் தெருவில் மாடி கட்டினால் எப்படி இருக்கும்? அதனால்தான் 2023 ஜூலையில் அவர் திரும்ப வருகிறார் என்றதும் இங்கே வெடி போடாத குறை. கோச்சுக்குக் கிடைத்த வரவேற்பு அல்ல அது. 2020-ல் பாதியில் நின்ற கதையை முடித்துக்கொடுக்க வருகிறார் என்ற ஆசை.

அந்த ஆசையோடு 2023-24 அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு ஆறாம் இடம் இனித்தது. நான்கு வருஷத்தில் முதன்முறையாக பிளே-ஆஃப். அதுவும் சீசன் கடைசியில், மார்ச் 31 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானை 3-2 என்று வென்று, அதுவும் கூடுதல் நேரத்தில் இர்ஃபான் யாத்வாட் அடித்த கோலில். அந்த ராத்திரி தூங்காதவர்கள் நிறையப் பேர். அதன் பிறகு ஜாம்ஷெட்பூரையும் நார்த் ஈஸ்டையும் வென்று உள்ளே போனோம். பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோற்றோம். பரவாயில்லை, வழிக்கு வந்துவிட்டது என்றே எல்லாரும் சொன்னார்கள்.

இங்கேதான் எங்கள் ஊர்ச் சந்தை எனக்கு நினைவுக்கு வருகிறது. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் அனுபவப்பட்ட வியாபாரி ஆட்டின் வயிற்றைப் பார்த்து விலை பேச மாட்டார். சந்தைக்கு ஓட்டிவரும் முன் வயிறு முட்டத் தண்ணீர் காட்டியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். வாயைப் பிளந்து பல் பார்ப்பார், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டிக் கறி எவ்வளவு என்று பார்ப்பார். ஆறாம் இடம் என்பது வயிறு. முதுகை அழுத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது?

பிரதாரிச் காலத்து 2022-23-ல் 20 ஆட்டம், 27 புள்ளி. கோய்லின் 2023-24-ல் 22 ஆட்டம், 27 புள்ளி. கோய்லின் 2024-25-ல் 24 ஆட்டம், 27 புள்ளி. மூன்று வருஷமும் ஒரே எண். ஆடிய ஆட்டம் மட்டும் இரண்டிரண்டாகக் கூடியது. ஆட்டத்துக்குக் கிடைத்த புள்ளி 1.35-லிருந்து 1.23-க்கும், பிறகு 1.13-க்கும் இறங்கியது. எட்டாம் இடம் வாங்கிய பிரதாரிச்சை ஒரே வருஷத்தில் அனுப்பினோம். அவரைவிடக் குறைந்த சராசரியில் ஆடியவரை ஆறாம் இடம் என்று கொண்டாடினோம். 2022-23-ல் ஆறாம் இடத்துக்கு 30 புள்ளி தேவைப்பட்டது. அடுத்த வருஷம் மற்றவர்கள் சறுக்கியதால் 27-க்கே அந்த இடம் கிடைத்தது. அணி ஏறவில்லை, படி இறங்கியது. இதை அப்போதே யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் 2024-25-ல் 11-ஆம் இடம் அதிர்ச்சியாக இருந்திருக்காது. வரும் பாதையில்தான் வந்தது.

இரண்டாம் வருகையின் மொத்தக் கணக்கு 46 ஆட்டம், 54 புள்ளி. ஆட்டத்துக்கு 1.17. முதல் வருகையின் 2-க்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாசத்தால் மூட முடியாது.

அவர் பக்கம் சொல்வதற்கு நிறைய உண்டு, அதையும் தட்டில் வைக்க வேண்டும். 2020-ல் அவர் விட்டுப்போன அணியில் சாங்தே, தாப்பா, கோல்காப்பாளர் விஷால் கைத் மூன்று பேரும் இருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது மூவரும் இல்லை. சாங்தே மும்பைக்கும், கைத்தும் தாப்பாவும் மோகன் பகானுக்கும் போயிருந்தார்கள். மூன்று பேரும் அங்கே போய்க் கோப்பைகளைத் தூக்கினார்கள். அதிலும் தாப்பா சென்னை அணியில் வளர்ந்த பையன், கேப்டனாக இருந்தவன். அவனைக் கோய்ல் வந்த அதே கோடையில் விற்றுவிட்டு, 2020-ஐத் திருப்பிக் கொண்டுவா என்று கேட்டால் எந்த கோச்சால் முடியும்? இது கிளப்பின் கணக்கில் எழுத வேண்டிய கடன். முதல் வருஷத் தளர்ச்சியில் பெரும்பங்கு கிளப்புக்கு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இந்தியப் பையன்களை வளர்ப்பதில் அவர் கை நல்ல கை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இர்ஃபானை நம்பி இறக்கினார். ஃபாருக் சௌத்ரி மறுபடி தேசிய அணிப் பேச்சில் வந்தது அவர் காலத்தில்தான். தோற்ற பிறகு ஆட்டக்காரன்மீது பழிபோட்டுத் தப்பிக்கும் குணமும் அவரிடம் இல்லை. நம் நாட்டுக் கிளப்புகளில் வந்துபோகும் வெளிநாட்டு கோச்களில் பலரிடம் இல்லாத பண்பு அது.

ஆனால் 2024-25-க்கு, ஆட்கள் போய்விட்டார்கள் என்ற சாக்கு செல்லாது. அது அவரே ஒரு வருஷம் பார்த்து, அவரே யோசித்துக் கூட்டிய அணி. இங்கேதான் அவருடைய பெரிய பிழை இருக்கிறது என்பது என் கணிப்பு: பழகிய முகங்களைத் தேடினார். 2020-ன் கிரிவெல்லாரோ முதல் வருஷமே 34 வயதில் திரும்ப வந்தார். ஜாம்ஷெட்பூரில் தன்னோடு இருந்த ஜோர்டான் மரேயைக் கொண்டுவந்தார்; அடுத்த வருஷம் அதே ஜாம்ஷெட்பூர் ஷீல்டு அணியின் சீமா சுக்வூவைக் கொண்டுவந்தார். வெற்றி பெற்ற அணிகளின் ஆட்களைச் சேர்த்தால் வெற்றி திரும்ப வரும் என்று நினைத்தார் போலும். அந்த அணிகளை வெற்றி பெற வைத்தது யார் என்று பார்த்தால், சென்னையில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், ஜாம்ஷெட்பூரில் கோல் அடிப்பதும் அடிக்கக் கொடுப்பதுமாக லீக்கையே ஆட்டிவைத்த கிரெக் ஸ்டூவர்ட். அந்த உயரத்தில் ஒருவர்கூட இரண்டாம் வருகையில் கிடைக்கவில்லை. கோனர் ஷீல்ட்ஸ் ஓடி ஓடி வாய்ப்புகளை உருவாக்கினார். அவற்றைச் சீசன் முழுக்க வலைக்குள் தள்ள ஆள் இல்லை. ஜாம்ஷெட்பூருக்கே போய் 5-1 என்று வெல்லும் அணியாகவும், அடுத்த சில வாரத்தில் எதிர்ப்பே இல்லாமல் தோற்கும் அணியாகவும் அது இருந்தது. பின்கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. லீக் முடிந்து சூப்பர் கோப்பையில் மும்பையிடம் 4-0 என்று முதல் ஆட்டத்திலேயே வெளியேறியதோடு அந்தக் காலம் முடிந்தது.

ஜாம்ஷெட்பூரில் முதல் வருஷம் 27, இரண்டாம் வருஷம் 43 என்று ஏறியவர், சென்னையில் 27, 27 என்று நின்றதற்கு என்ன காரணம்? அந்த 43 வந்த சீசன் முழுவதும் கோவாவில், கொரோனா வளையத்துக்குள் நடந்தது. பயணம் கிடையாது, வெளியூர் மைதானம் கிடையாது. ஆட்டக்காரர்களும் கோச்சும் மாதக்கணக்கில் ஒரே ஓட்டலில். ஆட்களோடு பேசிப் பழகி உசுப்பேற்றுவதில் கெட்டிக்காரரான கோய்லுக்கு அதைவிடத் தோதான சூழல் அமையாது. அவர் போன அடுத்த வருஷம் ஜாம்ஷெட்பூர் பத்தாம் இடத்துக்கு விழுந்தது என்பதை அவருடைய மதிப்புக்குச் சான்றாகச் சொல்வார்கள். சான்றுதான். கூடவே ஸ்டூவர்ட்டும் மும்பைக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ரசிகர்கள் வைத்திருக்கும் தராசைப் பற்றி. மாத்தராசி 2015-ல் கோப்பை வாங்கினார். சென்னையே வெள்ளத்தில் மூழ்கி, சொந்த ஊரில் அரையிறுதி ஆட முடியாமல் புனேக்குப் போய் ஆடிய வருஷம் அது. இறுதியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே கடைசி நிமிஷங்களில் 3-2 என்று வென்ற ஆட்டத்தை மறக்க முடியுமா? அடுத்த வருஷம் எட்டு அணிகளில் ஏழாம் இடம். கிரிகரி 2018 மார்ச்சில் பெங்களூருவில் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களோடு கோப்பை வாங்கினார். அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அந்த 9 புள்ளிக்கு முன்னால் கோய்லின் 27 எவ்வளவோ மேல். ஆனாலும் கிரிகரியை இன்று யாரும் திட்டுவதில்லை. கோப்பை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. ஆள் இல்லாத ஃபடோர்டாவில் அன்று வால்ஸ்கிஸ் இன்னும் மூன்று அடித்திருந்தால் கோய்லின் 46 ஆட்டத்தையும் இதேபோல் மன்னித்திருப்போம். ஒரு ராத்திரியின் 90 நிமிஷத்தைக் கொண்டு ஒரு மனிதரின் மொத்த வேலையையும் அளக்கும் தராசு சரியான தராசு அல்ல. கிரிகரிக்கு அது கூடுதலாகக் கொடுத்தது, கோய்லுக்குக் குறைத்துக் கொடுத்தது. இந்த ஒரு விஷயத்தில் கோய்லுக்கு அநியாயம் நடந்திருக்கிறது என்றே சொல்வேன்.

ஆக, என் தீர்ப்பு இது. 2020-ல் அவர் போனது துரோகம் இல்லை. அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். அவருடைய முதல் 12 லீக் ஆட்டங்கள் இந்தக் கிளப் இதுவரை ஆடியவற்றில் சிறந்தவை, கோப்பை இல்லாவிட்டாலும். இரண்டாம் வருகை தோல்வி. முதல் வருஷத் தோல்வி பெரும்பாலும் கிளப்புடையது, இரண்டாம் வருஷத் தோல்வி பெரும்பாலும் அவருடையது. இருக்கிற அணியை மூன்று மாதத்தில் ஆடவைக்க ஆள் தேவையென்றால் இந்தியாவில் அவருக்கு ஈடு குறைவு. தாமே ஆள் தேர்ந்து, இரண்டு மூன்று வருஷம் வைத்துக் கட்ட வேண்டிய வேலைக்கு அவர் பொருத்தமானவர் அல்ல என்பதைச் சென்னையின் 46 ஆட்டங்கள் காட்டிவிட்டன. மறுபடி ஒரு மோசமான சீசன் வரும், அப்போது கோய்லைக் கூப்பிடுங்கள் என்று நம்மிலேயே குரல் எழும். எழுந்தால் மறுக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் நாம் கேட்க வேண்டியது வேறு. தாப்பாவை விற்ற பணத்துக்கு எந்த நடுக்கள ஆட்டக்காரர் வந்தார்? வெளிநாட்டு ஆட்களைத் தேர்வு செய்வது கோச்சா, வேறு யாராவதா? நன்றாக ஆடும் இந்தியப் பையனோடு ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுகிறார்களா? சென்னையில் இருக்கும் ரசிகர் சங்கத்துக்காரர்கள் இதைக் கிளப்பிடம் நேரில் கேட்க முடியும். எங்களால் இங்கிருந்து முடியாது. எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.